டூரில் கரண்ட் இருந்ததா?

அத்தியாயம் ஒன்பது

ஒன்றாம் வகுப்பில் பல் ஆடுவது ஒரு பதவி. ஆடாதவர்களை யாரும் மதிப்பதில்லை. அப்படிப்பட்ட வகுப்புக்கு டீச்சராக இருக்கிற நம் கதாநாயகிக்கே, இருபத்தொன்பது வயதில், கீழ்வரிசை ஓரத்தில் ஒரு பல் ஆட ஆரம்பித்ததைப் போன வாரம் பார்த்தோம். அதுவும் சாதாரணப் பல் இல்லை, பால்பல். எப்போதோ விழுந்திருக்க வேண்டியது, விழ மறந்துபோய் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது.

செய்தி பரவியதும் வகுப்பில் டீச்சரின் செல்வாக்கு எங்கேயோ போய்விட்டது. முன்வரிசை ரெட்டைச்சடை, நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கச் சொன்னாள். இன்னொருத்தி, நூல் கட்டி இழுப்பதில் தனக்கு அனுபவம் உண்டு என்றாள். டீச்சர் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளி இல்லை.

தனியாகத்தான் போவதாக இருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், அப்பா ஹெல்மெட்டோடு ஸ்கூட்டர் மேல் தயாராக உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வரவேண்டாம் என்று அவள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் வண்டிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஏறு என்றார். டூரிஸ்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் ஒரு பயணியாவது இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வயதில் டீச்சருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது. அந்த வார்த்தையைக் குழந்தையின் காதில் போடவே கூடாது என்று அப்பா தீர்மானித்தார். டூரிஸ்ட் பஸ் ஓட்டுகிறவருக்கு வேறென்ன தோன்றும்? டூர் போகிறோம் என்றார். ஆஸ்பத்திரி மலைவாசஸ்தலம் ஆயிற்று. ஊசி போட்டால் டிக்கெட் கிழித்தாயிற்று என்று அர்த்தம். வாந்தி வந்தால் கொண்டை ஊசி வளைவு. முடி கொட்டியபோது, மலைக்காற்று இந்த சீசனில் கொஞ்சம் பலமாக அடிக்கிறது என்றார். குழந்தை நம்பியது. பிழைத்தும் எழுந்தது.

அதற்கப்புறமாவது மனிதர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டுக் கை காயும் நேரத்தில், அந்த டூரை எடுப்பார். ஒவ்வொரு தடவையும் ஓர் அருவி கூடும்.

டீச்சருக்கு விஷயம் தெரியும். பதினாலு வயதில், டிவி ரிமோட்டுக்காக நடந்த சண்டையில், கேன்சர் வந்து பிழைத்த பிள்ளையாயிற்றே என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று அத்தை கத்திவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா டூரை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பெண்ணுக்கு, எனக்குத் தெரியும் என்று சொல்ல மனசு வரவில்லை. அருவியில் தண்ணீர் நிறைய வந்ததா என்று கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் டாக்டரிடம் மறைக்க முடியாது. சின்ன வயதில் அந்தச் சிகிச்சை எடுத்தவர்கள், பல்லில் கை வைக்க விடுவதற்கு முன்னால் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். அப்பா இல்லாதபோது சொல்லிவிடலாம் என்பதுதான் திட்டம். இப்போது அப்பா சிக்னலில் நின்று, பின்னால் திரும்பி, எல்லாரும் ஏறியாச்சா என்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறார்.

பல் ஆஸ்பத்திரியில் முதலில் முகத்தைச் சுற்றி வந்து படம் எடுக்கும் மெஷினில் நிற்க வைத்தார்கள். பிறகு நாற்காலியில் சாய்த்தார்கள். பெண்ணோடு யாரும் உள்ளே வரவேண்டியதில்லை என்று நர்ஸ் சொன்னதை அப்பா கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் இவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் அவசரத்தில் இருந்தது. பல்லை ஆட்டிப் பார்த்தாள். முதலில் அச்சு எடுத்துவிடலாம், அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு இதைப் பிடுங்கிவிடலாம், அந்த இடத்துக்கு ஒரு கட்டுப்பல் செய்து மாட்டிவிடலாம், எல்லாம் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

விஷயம் கையை மீறிப் போவதைப் பார்த்து, எப்படியாவது அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் வாயைத் திறந்தாள்.

பல் டாக்டரிடம் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? குதிரை லாடம் மாதிரி ஒரு தட்டில் இளஞ்சிவப்பு மாவை நிரப்பி, கீழ்வரிசையில் அழுத்திவிட்டாள் டாக்டர். இறுகுகிற வரைக்கும் பேசவும் கூடாது, அசையவும் கூடாது என்று உத்தரவு.

அந்த நேரம் பார்த்துத்தான் எக்ஸ்ரே திரையில் வந்தது.

டாக்டரின் கண்ணிலிருந்த அவசரம் போய்விட்டது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஆடுகிற பால்பல்லுக்கு அடியில் வந்திருக்க வேண்டிய புதுப்பல் முளைக்கவே இல்லை. பக்கத்துப் பற்களுக்கெல்லாம் வேர் பாதியில் நின்றிருந்தது. மேலே இரண்டு பற்கள் அரிசி அளவுக்குத்தான் இருந்தன. அவள் ஸ்டூல் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்குச் சின்ன வயசுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே. ஆரோக்கியமா வளர்ந்த பிள்ளை."

"நாலு, அஞ்சு வயசுல?"

அப்பா லேசாகக் கனைத்துக்கொண்டார். "அப்போ டூர் போயிருந்தோம்."

எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டாள். இரண்டு வருஷம் என்று வாயில் வந்துவிட்டது அவருக்கு. இரண்டு வருஷம் யார் டூர் போவார்கள் என்கிற பார்வையைக் கண்டதும், தான் டூரிஸ்ட் பஸ் டிரைவர் என்பதைச் சேர்த்துக்கொண்டார். டாக்டர் விடவில்லை. தண்ணீரால் வந்த கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், போன இடத்தில் தண்ணீர் எப்படி, உப்புத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்று நோண்ட ஆரம்பித்தாள். அருவித் தண்ணீர் என்றார் அப்பா. எந்த அருவி என்றாள் டாக்டர். பொய்க்கு எல்லை போட்டுப் பழக்கமில்லாத மனிதர், ஏழெட்டு அருவிகளை வரிசையாகச் சொன்னார்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. வாயில் மாவு. கை மட்டும்தான் பாக்கி. ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் பாதிப் பாடத்தைக் கையால்தான் நடத்துகிறார்கள் என்பதால் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. இடது கையை நீட்டி, அதில் வலது கையால் ஊசி குத்துவதுபோல் பத்துத் தடவை காட்டினாள்.

மரத்துப்போகிற ஊசியைக் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்கிறாள் என்று அப்பா மொழிபெயர்த்தார்.

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். அசையக் கூடாது என்று டாக்டர் அதட்டினாள். அப்புறம் டீச்சர் இரண்டு கையையும் நெற்றியில் வைத்து, பின்னந்தலை வரைக்கும் வழித்துக் காட்டினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முடி மொத்தமாகப் போயிற்று என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அப்பா பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். முகம் வெளுத்துவிட்டது.  அப்புறம் டாக்டரிடம் திரும்பி, "பேனு" என்றார். "ஸ்கூல் பிள்ளைங்ககிட்டேயிருந்து ஏறிடுது."

டாக்டர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

ஒரு வழியாக மாவு இறுகியது. டாக்டர் தட்டை நெம்பி எடுத்தாள். நல்ல வேளை, பால்பல் இடத்தைவிட்டு வரவில்லை. டீச்சர் வாய் கொப்பளிக்கக்கூட இல்லை. உதட்டோரத்தில் மாவு ஒட்டியிருக்க, எழுந்து நேராக உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேன்சர் வந்துச்சு டாக்டர். நாலு வயசுல, ரத்தத்துல. இவர் சொல்ற டூர் அதுதான்."

 வாய் கொப்பளிக்கிற தொட்டியில் தண்ணீர் சுழன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே, யார் சொன்னது என்று கேட்டார். அத்தை என்றாள். எப்போது என்றார். பதினாலு வயதில் என்றாள்.

அவர் அதிர்ச்சியடைந்தார், ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் அருவி அருவியா விட்டதையெல்லாம் கேட்டுக்கிட்டுச் சும்மாவா இருந்தே?"

"நல்லாத்தானே சொல்வீங்கப்பா."

அவருக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். அதன் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டார்.

டாக்டர் இப்போது முகக்கவசத்தை இறக்கிவிட்டு நிதானமாகப் பேசினாள். பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்த மருந்துகள் உடம்பில் இறங்கினால் இப்படித்தான் ஆகும், சில பல் முளைக்காது, சிலது குட்டையாகும், வேர் பாதியில் நிற்கும், எச்சில் குறைவாகச் சுரந்தால் சொத்தையும் சீக்கிரம் வரும் என்று விளக்கினாள். "நீங்க பல் தேய்க்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றாள்.

 ராத்திரி பல் தேய்க்காத சோம்பேறி என்று டீச்சர் வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சமா நஞ்சமா? பள்ளிக்கூட போட்டோவில் எல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். தன் மேல்தான் தப்பு என்று நம்பி, பிரஷ் தேயத் தேயத் தேய்த்திருக்கிறாள். திட்டியவர் இப்போது ஹெல்மெட்டுக்குள் இருந்தார்.

டாக்டருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "மருந்து மட்டும்தானா, கரண்ட்டும் வெச்சாங்களா?"

கதிர் சிகிச்சைக்குத்தான் ஜனங்கள் கரண்ட் வைப்பது என்று சொல்கிறார்கள். தாடையில் அது பட்டிருந்தால், பல் பிடுங்கிய இடம் ஆறாமலே கிடக்கலாம், எலும்பே கெட்டுப்போகலாம் என்றாள் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அருவிக் கணக்கு ஓடியிருந்தால் பல்லைப் பிடுங்கியே இருப்பேன் என்றும் சொன்னாள்.

கரண்டெல்லாம் இல்லவே இல்லை என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அப்புறம் அதே குரல், தனக்குத் தெரிந்து இல்லை என்றது. அந்த நாட்களில் அவர் பாதி நேரம் வண்டியில் போய்விடுவார், ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அம்மாதான்.

அம்மாவுக்கு இப்போதே போன் போடச் சொன்னாள் டாக்டர். அப்பா பதறிவிட்டார். பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது, பிரஷர் வேறு இருக்கிறது, போனில் போட்டு உடைத்தால் அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்ப் பக்குவமாக விசாரிக்கிறோம் என்றார். பழைய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கேட்டு வாங்குங்கள், அதற்கு நாளாகும், அதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டு மத்தியானத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள், அதுவரை யாரும் அந்தப் பல்லைத் தொடக் கூடாது என்று டாக்டர் தன் நம்பரைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் ஆலோசனை. அம்மா தைரியசாலி இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கரப்பான்பூச்சிக்கே ஸ்டூல் மேல் ஏறுகிறவள். ஆகவே அந்த வார்த்தையைச் சொல்லாமலே கேட்க வேண்டும். பேச்சுவாக்கில் கேட்டு வாங்கிவிடலாம், பொறுப்பை என்னிடம் விடு என்றார் அப்பா. டீச்சருக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் இவ்வளவு அருவிகளை உண்டாக்கியவர் ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

அம்மா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துணி ஆல்ட்டர் பண்ணிக் கொடுப்பதுதான் அவள் தொழில். யாருடைய பேண்ட்டையோ உயரம் குறைத்துக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகள். பல் என்னவாயிற்று என்று புருவத்தால் கேட்டாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெயில் ஜாஸ்தி என்றார். பேண்ட் துணி நல்ல துணி என்றார். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்றார். அம்மா தைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சரி, அந்தக் காலத்துல நாம டூர் போனோமே. அங்க கரண்ட் இருந்ததா?"

மெஷின் நின்றது. அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப் பஞ்சில் குத்தினாள்.

"கேன்சர் ஆஸ்பத்திரியில கரண்ட் வெச்சாங்களான்னு கேட்கிறீங்களா?"

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கத்திய அந்த ஒரு நாளைத் தவிர, இந்த வீட்டுச் சுவர்கள் இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. அம்மாவோ உப்பு இருக்கா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டாள்.

அப்புறம் விஷயம் வெளியே வந்தது. ரிமோட் சண்டை நடந்த அன்றைக்கே அத்தை அம்மாவிடம் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள். பெண்ணுக்குத் தெரியும் என்று அன்றிலிருந்தே அம்மாவுக்குத் தெரியும். பின்னே ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டாள். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது, உங்கப்பா வாய் நிறையப் பேசுவதே அந்த ஒரு நாள்தான், அதைப் போய்க் கெடுப்பானேன் என்றாள் அம்மா. அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் இத்தனை காலம் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

டீச்சர் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் டீச்சர், அப்போ கரண்ட் வெச்சாங்களாம்மா என்று கேட்டாள்.

அம்மா பேண்ட்டை மடித்து ஓரமாக வைத்தாள். பல்லைப் பிடுங்கிவிட்டார்களா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை என்றதும் மூச்சு விட்டாள்.

"வெச்சாங்க" என்றாள்.

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போனது. "எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க அப்போ மலைப்பாதையில வண்டி ஓட்டிக்கிட்டிருந்தீங்க. பின்னால நாப்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. புள்ளை தலைக்குக் கரண்ட் வெக்கிறாங்கன்னு சொல்லியிருந்தா, ஸ்டியரிங்கைப் பிடிச்சிருப்பீங்களா?"

 அவர், "தனியாவா கூட்டிக்கிட்டுப் போனே?" என்று கேட்டார்.

இதற்குள் டீச்சர் டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் நேராக அம்மாவையே விசாரித்தாள். கரண்ட் தலைக்கு மட்டும் வைத்தார்களா, தாடையும் அதில் சேர்ந்ததா, முகத்துக்கு எதையாவது மாட்டினார்களா, மாட்டினால் எதுவரைக்கும் என்று கேட்டாள்.

 கரப்பான்பூச்சிக்கு ஸ்டூல் மேல் ஏறுகிற அம்மா இல்லை இது, டீச்சர் பார்த்தே இராத ஒரு அம்மா. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? கதவு வரைக்கும்தான் என்னை விட்டாங்க. தினமும் வெளியிலதான் நின்னேன்." பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் எங்க தனியாப் போனேன்? தனியாப் போனது இவதான்."

அப்பா நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். மேஜை மேலிருந்து டாக்டர், ஹலோ, லைன்ல இருக்கீங்களா என்றாள்.

டீச்சருக்கு ஒரு கதவு ஞாபகத்துக்கு வந்தது. ரொம்பக் கனமான கதவு. அது மூடுவதற்குள், அசையாமப் படுத்துக்கோ கண்ணு என்று ஒரு குரல். கனவென்று நினைத்து இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.  பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேஜையருகே போய்ப் போனைக் கையில் எடுத்தாள்.

"நான்தான் டாக்டர், பேஷண்ட். உள்ள போனது நான்தான். கேளுங்க, சொல்றேன்."